உங்க லிங்க் என்கிட்ட இருக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இங்கே பொழுது விடிகிறது. அப்பா இப்போது கம்பு இல்லாமலே மாடிப்படி ஏறுகிறார், இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார், கேட்டால் சுவர் விழுந்துவிடாமல் பிடித்தேன் என்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளை நாளை என்று சொல்லி மூன்று வாரம் ஓட்டிவிட்டார். நீ ஈரத்தலையோடு படுக்காதே. நீ இருக்கும் இடத்தில் போனுக்கு லிங்க் கிடைப்பதில்லை என்பதால் எல்லாவற்றையும் கடிதத்திலேயே சொல்லவேண்டியிருக்கிறது.

அம்மா சொல்லி நான் எழுதியது இதோடு நிற்கிறது அண்ணா. அடுத்த வரியாக, "தங்கச்சிக்குக் கண் வலி, கடிகாரக் கடையை விட்டு நின்னுட்டா, அவ்வளவுதான்னு எழுது" என்றாள். எனக்குக் கண் வலி இல்லை. இனி எழுதுவது நான்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பேனா ஓடும் தூரம் தெரியும், இப்போதே எட்டிப் பார்த்து "நான் அவ்வளவா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மருந்துக்கடைக்காரரின் மனைவி எங்கள் கடைக்குள் வந்தபோது நான் முதலில் கவனித்தது அவர் கையிலிருந்த கடிகாரத்தைத்தான், பத்து நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்து தரலாம் என்று கையை நீட்டினேன். அவர் என் கையில் வைத்தது போனை. அதில் முந்தின நாள் நான் அவர் கணவருக்கு அனுப்பிய செய்தி இருந்தது: சார், உங்க லிங்க் ரெண்டு என்கிட்ட இருக்கு, எப்ப வர்றீங்க? ஸ்டீல் செயின் கைக்குத் தளர்வாக இருந்தால் பின்னைத் தட்டி இரண்டு துண்டை எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்போம், எடுத்த துண்டுகளைச் சின்னக் கவரில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், பின்னால் கை பெருத்தால் வேண்டியிருக்கும். அந்தத் துண்டுக்குத்தான் எங்கள் கடையில் லிங்க் என்று பெயர். மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் கவரை விட்டுப் போய்விட்டார், அதற்காக அனுப்பிய செய்தி அது. அந்த அம்மா தெருவுக்கே கேட்கும்படி, "மூஞ்சியப் பாத்தா இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி இருக்கா, என் புருஷனோட லிங்க்காம், அதுவும் ரெண்டாம்" என்றார். உனக்குத்தான் தெரியுமே, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். பேச முடியாமல் இழுப்பறையிலிருந்து கவரை எடுத்து இரண்டு துண்டையும் கண்ணாடி மேசையில் கொட்டினேன். அவர் அதைப் பார்த்தார், முகம் கொஞ்சம் இளகியது, அதை நான் நன்றாகப் பார்த்தேன். ஆனால் அதற்குள் டீக்கடைக்காரர், செருப்பு தைப்பவர், பேருந்துக்கு நின்றவர்கள் என்று வாசலில் கூட்டம் கூடிவிட்டது, அத்தனை பேர் முன்னால் குரலை ஏற்றியவருக்கு இறக்க மனம் வரவில்லை. "நல்ல சாக்கு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் கடை முதலாளி மாஸ்டர் ஒரு தாளை நீட்டினார். நடந்த தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறேன், இனி இப்படி நடந்துகொள்ள மாட்டேன் என்று அவரே எழுதி, கீழே எனக்கு இடம் விட்டிருந்தார். "ஒரு கையெழுத்துதானம்மா. போட்டா வேலை இருக்கு, போடலன்னா வராத. அவங்களப் பகைச்சுக்க முடியாது, அவங்களுக்கு மேல வரைக்கும் லிங்க் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் கோபித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்த ஒரு சொல்லைத்தான் மென்றுகொண்டு வந்தேன். நீ எப்போதாவது டவுனுக்குப் போய்ப் படம் அனுப்பும்போது லிங்க்கை அழுத்து என்கிறாய். பெரிய ரோட்டிலிருந்து நம் தெருவுக்கு வருவது லிங்க் பஸ். தபால் ஆபீசில் கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் லிங்க் இல்லை என்கிறார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மேலே லிங்க் இருந்தால் அது செல்வாக்கு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் எழுதினால் மட்டும் அது தப்பான தொடர்பு, அசிங்கமாம். அம்மா, "தமிழ்ல எழுதியிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா" என்று கேட்டாள். தமிழில் அதற்குக் கண்ணி என்று பெயர். உங்க கண்ணி என்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் கண்ணி வைத்துப் பிடிக்கிறாள் என்பார்கள், அவசரத்தில் ஒரு சுழி குறைந்து கன்னியாகியிருந்தால் கேட்கவே வேண்டாம். குற்றம் சொல்லில் இல்லை அண்ணா, அதைப் படிக்கிற கண்ணில்தான்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டால் நடக்காதது நடந்ததாகிவிடும், நாளைக்கு யார் கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டுவார்கள். கண் வலி என்று வீட்டில் உட்காரவும் மாட்டேன், உட்கார்ந்தால் ஓடிவிட்டாள் என்பார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பா விழுந்து படுத்தபோது நான் பள்ளியை விட்டேனே, படிப்பு ஏறவில்லை, அவளாகத்தான் நின்றுவிட்டாள் என்று உனக்கு ஒரு கடிதம் வந்ததல்லவா, அதை அம்மா சொல்ல எழுதியது இதே கைதான். எனக்குப் படிப்பு நன்றாக ஏறியது. அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க வீட்டில் ஆள் இல்லை, அதுதான் காரணம். என்னைப் பற்றி ஒரு பொய்யை என் கையாலேயே எழுதியாகிவிட்டது, இரண்டாவது எழுதுவதாக இல்லை. நீ பதறிக்கொண்டு அவளை வீட்டில் இருக்கச் சொல் என்று மட்டும் எழுதாதே. எழுதினாலும் நான்தானே படித்துச் சொல்லவேண்டும், அதைப் படிக்க மாட்டேன்.

இவ்வளவையும் இப்போது அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். அம்மா கடைசி வரி வரை கேட்டாள். பிறகு, "படிப்பு ஏறலன்னு சொன்னது நான்தான், அவ இல்ல. அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன். அடுத்து வருவது அம்மா சொன்னது, ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

நீ கால் வைக்கிற இடமெல்லாம் கெட்டியான தரையாக இருக்கட்டும், நோய் நொடி உன் பக்கம் திரும்பாமல் நீண்ட நாள் இரு. பல்லை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன், காட்டினாயா இல்லையா, அதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா, தங்கச்சியின் கையால்

பின்குறிப்பு: கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இன்று காலை வழக்கமான நேரத்துக்குக் கடைக்குப் போனேன். மாஸ்டர் அந்தத் தாளை எடுத்து, மேலே பேனாவை வைத்து என் பக்கம் நகர்த்தினார். "போட மாட்டேன் மாஸ்டர், நான் தப்புப் பண்ணல" என்றேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார், அந்த அளவுக்கு என் குரல் கேட்டிருக்கிறது. மாஸ்டர் பதில் சொல்வதற்குள் ஒரு பெரியவர் தளர்ந்த செயினோடு உள்ளே வந்தார். நான் என் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, அவர் கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன்.