சிறந்த ஆண் தனிப்பாடகர்

மார்ச் 4

காலையிலேயே இரண்டு லாரி டயர். முழங்கை வரை கரி. பின்சார் தன் ஷேர் வேனை என் டயர் கடைக்குக் குறுக்கே நிறுத்தி, உள்ளே பயணிகள் திட்டிக்கொண்டிருக்க, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஜொங்கியின் படம். ஜகார்த்தா இசை விருது, சிறந்த ஆண் தனிப்பாடகர், இறுதிப் பட்டியல்.

“தனிப்பாடகராம்ண்ணே. அப்ப நாம ரெண்டு பேரும் இத்தன வருஷமா என்ன, மைக் ஸ்டாண்டா?”

எந்தப் பாட்டுக்கு என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். படகுத்துறைப் பாட்டு. மெட்டு ஜொங்கி போட்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. வார்த்தைகள் என்னுடையவை. கடைசியில் மூன்று குரலும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு மேலே ஏறும் இடம் பின்சாருடையது. எங்கள் சியந்தர் ஊர்க் கள்ளுக்கடையில் மூவரும் உட்கார்ந்து செய்த பாட்டு. கல்யாணம், சாவு என்று ஏரிக்கரை முழுக்க மூவராகவே பாடிய பாட்டு. இதில் தனி எங்கே வந்தது?

மார்ச் 5

பாட்டைக் கேட்டுவிட்டேன். என் மனைவி ருமொண்டாங் சமையலறையில் இருந்தபோது, காதில் மாட்டிக்கொண்டு.

மூன்று குரலையும் அவனே பாடியிருக்கிறான். தனித்தனியாகப் பதிந்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாம் குரல் என்னுடையது. ‘கரை’ என்ற சொல்லில் நான் ஒரு இழுப்பு இழுத்து வழுக்கி இறங்குவேன். அது கலை ஒன்றும் இல்லை, முன்பல் உடைந்ததால் வந்த பழக்கம். அதையும் விடவில்லை. முப்பத்திரண்டு பல்லும் சரியாக இருக்கிறவன் எதற்கடா வழுக்குகிறான்?

நன்றாக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 9

ஜொங்கி என் மனைவியின் அண்ணன். அதுதான் என் வாய்க்குப் பூட்டு. எங்கள் பட்டாக் இனத்து முறையில் பெண் கொடுத்த வீடுதான் உயர்ந்த வீடு. அவர்கள் விருந்தில் விறகு உடைப்பதும் கறி நறுக்குவதும் பெண் எடுத்தவன். ஜொங்கி என்ன செய்தாலும் நான் குனிந்து நிற்க வேண்டும். குழுவுக்குப் பாட்டுக் கம்பெனி பிடிக்கப் போகிறேன், ஒரு மாதத்தில் வருகிறேன் என்று ஜகார்த்தாவுக்குப் போனான். என் மகள் ஊலி அப்போது பிறக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இன்று சோற்றுத் தட்டின் முன்னால் திருட்டுப்பயல் என்று சொல்லிவிட்டேன். ருமொண்டாங் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அண்ணன் போனப்ப ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. இப்ப பேர் வந்ததும் எரியுதா, ஊலி அப்பா?”

எரிகிறது. ஆமாம். எரிந்தால் என்ன?

மார்ச் 17

அவனே கூப்பிட்டான். ஏதோ போன வாரம்தான் பார்த்த மாதிரி ஊர்க்கதை, மழை, மீன் விலை. பிறகு விஷயத்துக்கு வந்தான். விருது விழாவில் நேரடியாகப் பாட வேண்டுமாம். ஒரு வாய்க்கு மூன்று குரல் வராதே. நானும் பின்சாரும் வர வேண்டுமாம்.

ஒரு நிமிடம் — சரி, எழுதிவிடுகிறேன் — ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது. எந்தச் சட்டை போடுவது என்றுகூட நினைத்துவிட்டேன்.

“மேடையில ஒரு முகம்தான் தெரியணுமாம் மச்சான். நீங்க திரைக்குப் பின்னாடி நிப்பீங்க.”

“திரைக்குப் பின்னாடி ரெண்டு பேர் நின்னா அது எப்படி தனிப்பாட்டு?”

“அத விருது குடுக்கறவன்கிட்ட கேளு. எனக்கு உங்க குரல் வேணும்.”

“எங்க குரல்தான் உன்கிட்டயே இருக்கே. எடுத்துப் பாடு.”

பிறகு, போனைத் தங்கச்சியிடம் கொடு என்றான். மச்சானாம். எந்த வாயால் கூப்பிடுகிறான்?

மார்ச் 18

வீட்டில் பேச்சு இல்லை. சோறு மட்டும் இருந்தது.

மார்ச் 30

ஜெயித்துவிட்டான்.

கள்ளுக்கடை டிவியில் பார்த்தோம். பதிந்து வைத்த குரல்களோடு சேர்ந்து பாடினான், எவனும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கண்ணாடியில் செய்த மைக் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஆண்டவருக்கு நன்றி சொன்னான். அம்மாவுக்கு, கம்பெனிக்கு, ஏரிக்கு. பிறகு, “இந்தப் பாட்டு பிறந்த எங்க ஊர்க் கள்ளுக்கடைக்கும்” என்றான். கடையே எழுந்து நின்று மேஜையைத் தட்டியது. கடைக்காரர் அழுதேவிட்டார், எல்லோருக்கும் ஒரு கோப்பை இலவசம்.

சுவருக்கும் பெஞ்சுக்கும் நன்றி சொன்னான். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இல்லை. நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். பின்சார் என் கோப்பையையும் சேர்த்துக் குடித்தான்.

ஏப்ரல் 12

மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகனுக்கு விருது வந்ததற்கு நன்றி விருந்து, மூன்று பன்றி. மாப்பிள்ளை முதல் நாளே வந்துவிட வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொண்டு.

தீட்டுகிறேன்.

ஏப்ரல் 20

கையில் இன்னும் கறிப் புகை வாசம்.

விடிந்ததிலிருந்து கொட்டகையில் நின்றேன். ரத்தம் ஊற்றிய கறி, அண்டா அண்டாவாக. புகை கண்ணைப் பிடுங்கியது. மாமியார் முறைப்படி எனக்கும் ருமொண்டாங்குக்கும் சேர்த்துத் தோளில் துணி போர்த்தி ஆசீர்வாதம் சொன்னார். குனிந்து வாங்கிக்கொண்டேன். அதுவரை நான் சரியாகத்தான் இருந்தேன். இனியும் இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஜொங்கி அந்தக் கண்ணாடி மைக்கைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான், சமைக்கிறவர்களும் பார்க்கட்டும் என்று. கறி வெட்டும் பலகையில் வைத்தான். கரண்டியில் ஒரு துண்டு எடுத்துத் தின்றான்.

“உப்பு கம்மி மச்சான்,” என்றான். சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் உப்புப் போட்டேன்.

சாப்பாடு நடக்கும்போது கூட்டம் படகுத்துறை, படகுத்துறை என்று கத்த ஆரம்பித்தது. மேடையில் ஏறினான். கிட்டார் தொடங்கியது. நான் இரண்டு கையிலும் கறித்தட்டோடு பந்திக்கு நடுவே நிற்கிறேன். பின்சார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். ஜொங்கி மைக்கிலேயே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். “மச்சான், ரெண்டாம் குரல். பின்சார், வாடா.” திரை இல்லாத இடத்தில் கூப்பிடுகிறான். இங்கே கூப்பிட்டால் செலவில்லையே. ஊர்க்காரர்கள் பெருந்தன்மை என்று சொல்வார்கள்.

“விருது தனிப்பாடகனுக்குத்தான குடுத்தாங்க,” என்றேன். மைக் இல்லாமலே கேட்டது. “தனியாவே பாடு.”

பந்தி முழுக்க கை வாயருகே நின்றது. அவன் சிரித்துச் சமாளித்துப் பாட ஆரம்பித்தான். பாவம், முதல் குரல் மட்டும் தனியாக வந்தால் அந்தப் பாட்டு ஏதோ விளம்பரம் மாதிரி இருக்கிறது. கடைசி ஏற்றம் வந்தது. அவன் பின்சாரைப் பார்த்தான். பின்சார் செம்பைப் பார்த்தான். நடுவிலேயே நின்றுவிட்டது பாட்டு. கிட்டார் மட்டும் கொஞ்சம் ஓடி அதுவும் நின்றது. ஜொங்கியின் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

இனித்தது. பொய் எழுத மாட்டேன். வெல்லம் மாதிரி இனித்தது.

மாமியார் என்னிடம் வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. “கறி ஆறுது மாப்பிள்ள. கொண்டுபோய் வை,” என்றார். வைத்தேன். கடைசிப் பந்தி வரை வைத்தேன்.

புறப்படும்போது ருமொண்டாங் வரவில்லை. ஊலியையும் அனுப்பவில்லை. “நீங்க அவன அவமானப்படுத்தல, ஊலி அப்பா. எங்கம்மாவத்தான், அவங்க போத்தின துணி தோள்ல இருக்கும்போதே.” அவ்வளவுதான் சொன்னாள்.

ஏப்ரல் 23

எவனோ விருந்தில் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். ரோட்டில் போகிற வேனிலிருந்தெல்லாம் “தனியாவே பாடு!” என்று கத்துகிறார்கள். காற்றடிக்க வந்தவன் என்னோடு படம் எடுத்துக்கொண்டான். ஜொங்கி விருந்துக்கு மறுநாளே விமானம் ஏறிவிட்டானாம்.

ஏப்ரல் 29

வீடு காலி. பொரித்த முட்டை. திரும்பவும் பொரித்த முட்டை.

மே 11

ஜகார்த்தாவிலிருந்து இன்னொரு கம்பெனி ஆள், கடைக்கே வந்தான். பளபளவென்று ஷூ, டயர் மேல் உட்கார இடம் துடைத்துக் கொடுத்தேன். தோராங் சார், தோராங் சார் என்று வாய்க்கு வாய். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நாடே சொல்கிறதாம். சூட்டோடு சூடாக ஒரு பாட்டு வந்தால், அடுத்த வருடப் பட்டியலில் என் பெயர் இருக்குமாம்.

மூவர் குழுதான் இருவராக இருக்கிறோம், பின்சாரும் நானும் என்றேன்.

“குழுப் பிரிவு எவன் சார் பாக்குறான்? டிவியில வர்றதே தனிப்பாடகர் பிரிவுதான். ஒரு முகம் போதும்.”

யோசிக்கிறேன் என்றேன். முடியாது என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மே 19

ருமொண்டாங் திரும்பி வந்தாள். ஊலிக்குப் பள்ளியில் பரீட்சை வருகிறது, அதற்காகத்தான் என்றாள். கம்பெனி ஆள் வந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா? தெரியவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள், முடிக்கும் வரை நிமிரவில்லை.

“அண்ணன்கிட்டயும் இதையேதான் சொன்னாங்களாம். ஒரு முகம் போதும்னு. அன்னிக்கு அவன் ராத்திரி பூரா எனக்கு போன் பண்ணி அழுதான்.”

இத்தனை வருடம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். நீங்கள் கேட்கவில்லை என்றாள்.

அழுதானாம். அழுதுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். நான் அவன் இல்லை.

ஜூன் 3

பின்சார் மதியம் வேனோடு வந்தான். வாய் நிறைய வெற்றிலை, முகம் முழுக்கச் சிரிப்பு. நம் இருவருக்காகப் புதிதாக ஒரு முடிவு கட்டியிருக்கிறான், பழைய ஏற்றத்தைவிட நல்லது, முதலில் கீழே விழுந்து பிறகு எழுகிற மாதிரி. கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே பாடிக் காட்டினான். உடம்பு சிலிர்த்துவிட்டது.

“எப்படிண்ணே? இதக் கேட்டா உன் மச்சான் அந்தக் கண்ணாடி மைக்க ஒடச்சுப் போட்ருவான்.”

நல்லா இருக்கு என்றேன். இன்னொரு தரம் பாடு என்றேன். பாடினான். சனிக்கிழமை உட்கார்ந்து பயிற்சி செய்யலாமா என்று கேட்டான். டயர் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம் என்றேன். சரிண்ணே என்று போய்விட்டான்.

வேன் திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். பிறகு அந்த முடிவை மறந்துவிடாமல் இருக்க, கடைக்குள் போய் மெதுவாகப் பாடிப் பார்த்தேன். எனக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை மேதான் ஸ்டுடியோவில் பதிவு, நான் மட்டும்.