இரண்டாம் மாடிக்கு ஏற்ற நாய்

ஜூன் 8, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். நாய் வளர்க்கப் போகிறேன்.

எழுதிப் பார்த்ததும் சிரிப்பு வருகிறது. நாற்பத்தொரு வயதுப் பெண் எழுதுகிற வரியா இது! ஆனால் காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தம்பி வீட்டில் இருந்தவரை வாயே திறக்க முடியாது. தண்டையார்பேட்டையில் கீழே மளிகைக் கிடங்கு, மேலே வீடு. அரிசி மூட்டை இருக்கிற இடத்தில் நாயா என்பார்கள். திருவொற்றியூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. என் பெயரில் வீடு, என் கையில் சாவி. யாரைக் கேட்க வேண்டும்?

இருந்தாலும் தம்பிக்குப் போன் செய்தேன். பாலகணேஷ், "ஏக்கா, கல்யாணந்தான் வேண்டாம்னுட்ட. இப்ப நாயா?" என்றான். "ஆமா, நாய்தான்" என்றேன். வைத்துவிட்டான்.

பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டுப் பட்டியல் எழுதினேன். பெயர், உயரம், எடை, முடி, குணம். எழுதி முடித்துப் பார்த்தால் அப்படியே தரகர் கொண்டுவரும் ஜாதகக் கட்டு! ஒரு காலத்தில் என்னை இப்படித்தான் பட்டியலில் வைத்திருந்தார்கள். இப்போது நான் மாப்பிள்ளை வீடு.

ஜூன் 9, திங்கள்

ஆபீஸில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் எப்படி இருப்பது?

மணலியில் எங்கள் புக்கிங் ஆபீஸுக்கு வருகிற டேங்கர் டிரைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாய் தெரிகிறது. மாசானம் அண்ணாச்சி லோடு சிட்டை வாங்க வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சிப்பிப்பாறை வாங்குங்க மேடம். முயலப் பிடிச்சுட்டுத்தான் திரும்பும்." என் இரண்டாம் மாடியில் முயலுக்கு எங்கே போவது?

பக்கத்து மேசை மொஹ்சின்: "இன்னாக்கா நீ, ஜெர்மன் ஷெப்பர்டு எடு. கெத்தா கீது. உன் வூட்டாண்ட ஒருத்தன் வரமாட்டான்."

யாரும் வராமல் இருப்பதற்கா நாய் வாங்குகிறேன்? அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 11

பக் – மூக்கு சப்பை, வெயிலில் மூச்சு வாங்குமாம். இங்கே மணலிப் புகை காற்றில் வருகிற நாளில் எனக்கே மூச்சு வாங்குகிறது. பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஹஸ்கி – ஏசி இல்லாமல் முடியாது. என்னிடம் இருப்பது மின்விசிறி.

டாஷ்ஹண்ட் – நீள முதுகு, குட்டைக் கால். படி ஏறி இறங்கினால் முதுகு போய்விடுமாம். லிஃப்ட் கிடையாது, முப்பத்தெட்டுப் படி. பாவம், வேண்டாம்.

ஷிட்ஸூ – தினமும் தலை வாரிவிட வேண்டும். என் தலையை வாரவே எனக்கு நேரமில்லை.

லாப்ரடார் – ஆசைதான். வாலை ஆட்டினால் கூடத்தில் எதுவும் மிஞ்சாது.

பீகிள்!! அளவான உடம்பு, சின்ன முடி, எல்லோரோடும் பழகும். மூன்று நட்சத்திரம் போட்டேன். அதற்கு மேல் இன்னொன்றும் போட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கடவுள் இருக்கிறார். கணக்குப் பிரிவு மகிமா நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போகிறாள். அவளிடம் இருப்பது என்ன? பீகிள்! ஞாயிறு வரை என் வீட்டில். பெயர் பட்டாணி. ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்தேன், வழி முழுக்க என் மடியில். புடவையெல்லாம் முடி. துடைக்க மனசே வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஆபீஸிலிருந்து ஓடி வந்தேன். சோபாவின் ஒரு மூலை இல்லை. பஞ்சின் நடுவில் பட்டாணி, என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு. திட்ட வாய் வரவில்லை. ஒரு நாள்தானே, பழகிவிடும்.

ஜூன் 21, சனி

பழகவில்லை.

சாயங்காலம் படி ஏறும்போது கீழ்வீட்டு ஜஹானாரா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். எனக்காகத்தான். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. நீ போனதுலேர்ந்து அது ஊளை வுட்டுகினே கீது. நேத்தும் அப்டிதான். அவரு நைட் டூட்டி, பகல்லதான் படுக்குறாரு."

அவள் கணவர் தௌசீஃப் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அது எனக்குத் தெரியும். பகலில் தூங்குகிறவர் என்பதை ஏன் ஒரு தடவைகூட நினைக்கவில்லை?

"நேத்து வேலைல ஒரு நிமிஷம் கண்ணு சொருகிடுச்சாம். கீழ ஆளுங்க நின்னுகினு இருந்தாங்களாம்." அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

பட்டாணி மடியில் தலை வைத்துத் தூங்குகிறது. அதன் மேல் என்ன தப்பு? தனியாக விட்டால் அது கூப்பிடும். யாராவது வருவார்கள் என்று கூப்பிடும். நான்தான் பட்டியலில் உயரம், எடை எல்லாம் எழுதினேன். 'பகலில் யார் இருப்பார்கள்' என்று ஒரு கட்டம்கூடப் போடவில்லை.

ஜூன் 22

பட்டாணியைக் கொண்டுபோய் விட்டேன். மகிமா நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தாள். சோபாவைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

ராயபுரத்தில் ஒரு கால்நடை மருத்துவர், டாக்டர் நவ்ரீன். முப்பது வயதுகூட இருக்காது. நாயே இல்லாமல் க்ளினிக்குக்கு வந்த முதல் ஆள் நான்தானாம். நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "எந்த ஜாதி எனக்கு ஒத்துவரும் டாக்டர்?" என்றேன்.

"ஜாதிய அப்புறம் பாக்கலாம். நீங்க எத்தன மணிக்குக் கிளம்புறீங்க, எத்தன மணிக்கு வர்றீங்க?"

"எட்டு மணிக்குக் கிளம்புவேன். வர ஆறு ஆயிடும்."

"வீட்ல வேற யாரு?"

இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறேன். ரேஷன் கார்டுக்கு, கேஸ் இணைப்புக்கு, வீடு பதிவுக்கு. இன்று நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னேன். "யாரும் இல்ல."

அவர் சுற்றி வளைக்கவில்லை. "குட்டி வேணாம் மேடம். எந்தக் குட்டியா இருந்தாலும் வேணாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வெளிய கூட்டிட்டுப் போகணும். பத்து மணி நேரம் பூட்டி வச்சா அது நாயா வளராது, பயமா வளரும்."

நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 1

நாய்ப் பட்டியல் நோட்டைப் பரணில் போட்டேன்.

ஜூலை 6

மீன் மார்க்கெட், துணி துவைத்தது, தூக்கம். ஞாயிறு முடிந்தது.

ஜூலை 17, வியாழன்

போன் வந்தது!! டாக்டர் நவ்ரீன்!

ஐந்து வயதுப் பெண் நாய். காசிமேட்டுப் பக்கம் மூன்றாம் மாடி வீட்டில் வளர்வது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலெல்லாம் அது தனியாகத்தான் இருக்குமாம். புருஷனுக்கு ஒடிசாவில் பாரதீப் துறைமுகத்துக்கு மாற்றல். அங்கே குவார்ட்டர்ஸில் நாய்க்கு அனுமதி இல்லை.

"என்ன இனம் டாக்டர்?"

"நம்ம ஊரு நாய் மேடம். மழையில அவங்க படிக்கட்டுல ஒண்டின குட்டி."

ஓ, என்றேன். எனக்கே கேட்காத ஒரு ஓ. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?" என்று நானே கேட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

நாயைத் தேர்ந்தெடுக்கப் போனேன். அங்கே எனக்குத்தான் பரீட்சை.

நாய்க்குச் சொந்தக்காரர் அலெக்ஸாண்டர், துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். என்னை உட்கார வைத்து, எதிரில் அவர் உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி.

"காலைல எத்தினி மணிக்கு எய்ந்துப்ப?"

"அஞ்சு."

"கறி துன்னுவியா?"

"மீன் மட்டும்."

"மீனு போதும். முள்ளு எடுத்துட்டுப் போடு." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கோவம் வந்தா அடிப்பியாம்மா?"

"நான் யாரையும் அடிச்சதில்ல அண்ணே."

"உன்ன யாராவது அடிச்சிக்கிறாங்களா?"

முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. உள்ளே பார்த்து, "ப்ளோரா" என்று கூப்பிட்டார்.

வெல்ல நிறம். ஒரு காது நிற்கிறது, ஒரு காது விழுந்திருக்கிறது. குதிக்கவில்லை, நக்கவில்லை. வந்து என் காலை முகர்ந்தாள், கையை முகர்ந்தாள். இரண்டு அடி தள்ளிப் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நானும் அவளையே பார்த்தேன். உயரம் என்ன, எடை என்ன, ஒன்றும் ஞாபகம் இல்லை!

"காலைல ஒரு தபா, சாயந்தரம் ஒரு தபா கீழ இட்டுகினு போனா போதும்" என்றார். "நடுவுல தூங்கிகினே இருக்கும். தூங்குறதுக்கு மெடல் இருந்தா இதுக்குத்தான் குடுக்கணும்."

ரெண்டு நாள் வைத்துப் பார், ஒத்துவரவில்லை என்றால் கொண்டுவந்து விடு, மாசக் கடைசி வரை இங்கேதான் இருப்போம் என்றார். அவர் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

முதலில் ஜஹானாரா. அவளிடம் கேட்காமல் இந்தத் தடவை ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

எல்லாம் சொன்னேன். "ஒரு நாள் சத்தம் வந்தாலும் ஒரு வார்த்தை சொல்லு. அன்னிக்கே திருப்பி விட்டுடறேன்." அவள் வெகுநேரம் கொத்தமல்லி ஆய்ந்தாள். "அது வாயில்லா ஜீவன்க்கா. நீ கூட்டியார்றது, திருப்பி வுடறது, அதுக்கு இன்னா புரியும்?" என்றாள். இதை நான் யோசிக்கவில்லை.

"பாத்துட்டுக் கூட்டியா. படிக்கட்டுல கயிறைக் கிட்டக்கப் புடிச்சிக்க. தொழுகைக்குப் போறப்ப அது வாய் பட்டுட்டா அவரு திரும்பி வந்து கழுவிட்டுப் போவணும்."

சரி என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

ப்ளோரா வந்துவிட்டாள். முப்பத்தெட்டுப் படியும் தானாக ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, நான் வருகிறேனா என்று பார்த்துவிட்டு ஏறினாள்.

அலெக்ஸாண்டர் தெருமுனையோடு நின்றுவிட்டார். "நான் மேல வந்தா அது கீழ வந்துடும்மா."

ஜூலை 27, ஞாயிறு

சோதனை. பழைய போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன். கரையில் கொட்டிய பாறை மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போனது. பரீட்சை முடிவுக்குக்கூட இப்படி இருந்ததில்லை.

திரும்பி வந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பூட்டுச் சத்தம். நகங்கள் தரையில் டக் டக் என்று கதவு வரை போகின்றன. கதவிடுக்கில் மூச்சு. ஒரே ஒரு முனகல்! பிறகு மறுபடி டக் டக். பொத்தென்று படுக்கும் சத்தம். யார் வீட்டிலோ குக்கர் விசில். தூரத்தில் கப்பல் ஊதுகிறது. அப்புறம்...

குறட்டை!

ஒரு மணி நாற்பது நிமிடம் குறட்டை! முழுவதும் கேட்டேன். ஒரு நிமிடம் விடவில்லை.

ஜூலை 28, திங்கள்

முதல் வேலை நாள். ஆபீஸில் இரண்டு லாரிக்கு நம்பர் மாற்றி எழுதிவிட்டேன். மாசானம் அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார்.

சாயங்காலம் படியில் ஜஹானாரா. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்று போலவே.

"இன்னாக்கா, நாய எங்கனா வுட்டுட்டா வேலைக்குப் போன?"

"இல்லையே... மேலதான் இருக்கா."

"மேலயா? காலைலேர்ந்தா?" அவள் மாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவரு எய்ந்ததே இப்பதான். நல்லாத் தூங்கினாரு."

மீதிப் படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. இரண்டிரண்டாகத்தான் ஏறியிருப்பேன். நாற்பத்தொரு வயதில்!

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அலெக்ஸாண்டருக்குப் போன் செய்தேன். "திருப்பிக் கொண்டுவர மாட்டேன் அண்ணே" என்றேன். "தெரியும்மா" என்றார். மீனில் முள் எடுத்துவிட்டுப் போடச் சொல்லி மறுபடி ஞாபகப்படுத்திவிட்டு வைத்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தம்பி போன் செய்தான். நாய் வந்த செய்தி யார் மூலமோ போயிருக்கிறது.

"என்ன ஜாதிக்கா?"

பதினாறு வருஷத்துக்கு முன்னால், நான் ஒருவர் பெயரைச் சொன்ன அன்றும் இதே கேள்வியைத்தான் கேட்டான். அன்று பதில் சொன்னேன். சொன்னதோடு எல்லாம் முடிந்தது.

"கேக்கலடா" என்றேன்.

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "கடிக்குமா?" என்றான். "வந்து பாரு" என்றேன்.

ஆகஸ்ட் 10

வந்தான். பத்து நிமிடம் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி குடித்தான். போகும்போது ப்ளோராவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனான். கையில் கொடுக்கப் பயம்.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று ப்ளோராவுக்குத் தடுப்பூசி. காலையில் எழுந்து பார்த்தால் ஊசி போட்ட இடம் வீங்கி, உடம்பு சுடுகிறது. மீனைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் நவ்ரீனைக் கேட்டேன், பயப்பட ஒன்றுமில்லை, இன்று முழுக்கப் பக்கத்தில் இருங்கள் என்றார்.

ஆபீஸுக்குப் போன் செய்தேன். மொஹ்சின் எடுத்தான். வீட்டில் உடம்பு சரியில்லை, லீவு என்றேன்.

"உனக்காக்கா?"

"எனக்கில்ல. வீட்ல இருக்கறவளுக்கு."

"வூட்லயா? நீ தனியாத்தான கீற?"

"இல்ல மொஹ்சின்" என்றேன்.

தரையில் பாயைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். தலையை என் கால் மேல் வைத்திருக்கிறாள். கால் மரத்துப்போய் அரை மணி நேரம் ஆகிறது.