தக்காளிப் பாத்தியில் உன் சட்டை

என் ஜெர்மனி ராசாவுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இலையுதிர் காலத்தில் வருவது சந்தேகம் என்று நீ போனில் சொன்ன அன்று, கோபத்தில் உன் கல்யாணச் சட்டையைத் தக்காளிப் பாத்தியில் பறவை விரட்டும் பொம்மைக்கு மாட்டிவிட்டேன். இப்போது தினமும் அதனிடம் காப்பி வேண்டுமா என்று கேட்கிறேன்.

நேற்று பக்கத்து வீட்டு மெத்தோடி மாமா வேலிக்கு மேல் எட்டி, "எப்படா வந்தே?" என்று அதனிடம் விசாரித்தார். பிறகு என்னிடம், "வெளிநாடு போனதும் உன் புருசனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சும்மா, வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்றார்.

"இங்க இருந்தப்பவும் அப்படித்தான் மாமா" என்றேன்.

குடைமிளகாய் சிவந்துவிட்டது. செப்டம்பரில் சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைக்க வேண்டும். ஒருவர் சுட, ஒருவர் உரிக்க, அது இரண்டு ஆள் வேலை.

நீ கிளம்பிய காலையில், பயணம் தண்ணீர்போல் ஓடட்டும் என்று வாசலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவோமே, அந்தச் செம்பை நான் சண்டையில் தொடவே இல்லை. மறுநாள் இரண்டு வாளி ஊற்றினேன். வாசலோரப் பூசணி அதில்தான் காய்த்தது.

எத்தனை ஜாடி கழுவட்டும், எழுது.

உன் வாயாடி

பி.கு.: இன்று காலை ஆடு பொம்மையின் வலது சட்டைக்கையைத் தின்றுவிட்டது. இடது கை நலம்.