தேதி எழுதாத இடம்

என்னங்க,

இன்று அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் வேதாகமம் கையில் தட்டுப்பட்டது. திறந்ததும் லேத்துப் பட்டறை எண்ணெய் வாசனை. நீங்கள் போய் எட்டு மாதமாகியும் அது போகவில்லை. முதல் தாளில் நம் சபையார் ஒட்டிக் கொடுத்த சீட்டு இருக்கிறது. பெயர் எழுதியிருக்கிறீர்கள். ஞானஸ்நானம் பெற்ற நாளும் எழுதியிருக்கிறீர்கள். ‘இரட்சிக்கப்பட்ட நாள்’ என்ற இடம் மட்டும் காலியாகவே கிடக்கிறது.

அந்த ஒரு இடத்துக்காக உங்களை நான் படுத்திய பாடு கொஞ்சமா? சாட்சி சொல்லும் ஞாயிறுகளில் அடையாறு சபையில் ஒவ்வொருவராக எழுந்து, இன்ன தேதியில் ஆண்டவர் என்னைத் தொட்டார் என்பார்கள். நானும் சொல்வேன். பதினேழு வயதில், பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் பந்தல் போட்டு நடந்த கூட்டத்தில், தேம்பித் தேம்பி அழுத நாள் அது. எனக்கு மனப்பாடம். நீங்களோ கடைசி வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு மானமே போகும்.

ஒருமுறை ஈக்காட்டுத்தாங்கலுக்குத் திரும்பி வரும்போது பைக்கிலேயே சண்டை பிடித்தேன். "ஒரு நாள்கூடவா ஞாபகம் இல்ல? அப்போ நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா, இல்லியா?"

முன்னால் டேங்க்கின் மேல் உட்கார்ந்திருந்த நம் மகள் தூங்கிச் சாய்ந்துவிட்டாள். ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினீர்கள்.

"இன்னாமே, கொயந்த இப்போ என்னப் புடிச்சிக்கினா வருது? அது தூங்கிக்கினு கீது. நான்தான் புடிச்சிக்கினு வரேன். எப்போ தூங்கினேன்னு அதுக்கு இன்னா தெரியும்? ஆனா வூடு போய்ச் சேந்துரும்ல?"

"பேச்ச மாத்தாதீங்க" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த உங்களிடம், "இப்பவாவது சொல்லுங்க, இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா?" என்று கேட்டேன். ஆக்சிஜன் முகமூடிக்குள் உதடு அசைந்தது. காதைக் கொண்டு வந்து வைத்தேன்.

"பயமா கீது. ஆனா அவரு வுட மாட்டாரு."

அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. எனக்கோ உங்கள் பயம் மட்டும்தான் கேட்டது. நிச்சயம் உள்ளவர் பயப்படுவாரா என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். என்னை மன்னித்துவிடுங்கள். வேறென்ன சொல்ல?

நீங்கள் போன பிறகு முழங்காலில் நின்றால் எனக்கு ஜெபம் வரவில்லை. பதினேழு வயதில் அழுத அழுகை இப்போது என்னைத் தாங்கவில்லை. வாய் நிறைய கிருபை, கிருபை என்று பாடிக்கொண்டு, இத்தனை வருஷம் நான் நம்பியது என் பிடியைத்தான்.

போன ஞாயிறு மகள் ஸ்கூட்டரில் சபைக்குக் கூட்டிப் போனாள். பல நாளாகத் தூக்கமில்லை. கிண்டி தாண்டி மர நிழல் வந்ததும் கண் சொருகிவிட்டது. அவள் என் இரண்டு கையையும் முன்னால் இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்து ஒரு கையால் அழுத்திக்கொண்டாள்.

"தூக்கம் வருதாம்மா? பரவால்ல, சாஞ்சுக்கோ. நான் புடிச்சிருக்கேன்."

நீங்கள் அன்று சொன்னது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் தூங்கிக்கொண்டிருந்தாளே. அவள் முதுகில் முகத்தை வைத்து மத்திய கைலாஷ் சிக்னல் வரை அழுதுகொண்டே போனேன்.

அன்று சாட்சி நேரத்தில் நான் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையில், உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் வேதாகமத்துச் சீட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், நான் எதையும் எழுதப்போவதில்லை. நீங்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நானும் வந்து சேர்ந்துவிடுவேன்.