சுவரில் பதினொரு வில்லைகள்

17-7-79, செவ்வாய். ஆடி ஒன்று.

காலையிலிருந்தே காற்று. கண்ணெல்லாம் மண். மூன்றாம் வகுப்புக் கூரையில் இரண்டு கீற்று பறந்துவிட்டது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

சாயங்காலம் கொல்லையில் நாற்றங்கால் கொத்தியாயிற்று. எரு போட்டாயிற்று. போடத்தான் தக்காளி விதை இல்லை. பன்னிரண்டு வருஷமாக விதைக்கென்று ஒருத்தர் வாசலில் நின்றவள் இல்லை நான்.

இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஆனியில் இவரும் இவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மாதா கோயில் உபதேசியார் சீட்டுப் போட்டார். முற்றமும் முற்றத்துச் சுவரும் தம்பிக்கு. அதே சுவரின் இந்தப் பக்கம் என் அடுப்படி. "செவுத்துல இருக்கறது செவுத்தோட. ஆணியோ மாடமோ, எதையும் பேத்தெடுக்கக் கூடாது" என்றார் உபதேசியார். அந்தச் சுவரில்தான் என் விதை. சாணி, சாம்பல், விதை மூன்றையும் பிசைந்து சின்னச் சின்ன வில்லையாகத் தட்டி வைத்தது. பதினொன்று. நல்ல வெயில் படும், சாரல் படாது. வருஷா வருஷம் அங்கேதான்.

ஆணியைப் பார்த்தார்கள், மாடத்தைப் பார்த்தார்கள். என் விதையை ஒருத்தரும் பார்க்கவில்லை. பிலோமியாவது சொல்லியிருக்கலாம். தம்பி பெண்டாட்டி, என் ஓரகத்தி. ஒன்பது வருஷம் என்னோடு ஒரே அடுப்பில் சமைத்தவள். நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானாகப் போய்க் கேட்பேனா? செத்தாலும் மாட்டேன்.

19-7, வியாழன்.

வெயில். ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டு ஒன்றிய ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு சார் பாக்கெட் விதை கொடுத்தார். "லாரியில மெட்ராஸ் வரைக்கும் போனாலும் நசுங்காதுங்க டீச்சர்."

"என் கொழம்பு மெட்ராஸ் போவலீங்க சார்" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. நாளைக்குக் கட்டாயம்.

21-7, சனி.

அரியலூர். பஸ்ஸில் உட்கார இடமில்லை, முழங்கால் விட்டுப்போயிற்று. சந்தையில் விதை விற்கிற அம்மாள் கையை விட்டு அள்ளிக் காட்டினாள். என்ன ஜாதி என்று கேட்டேன். "எல்லாம் நாட்டுக்காயிதான் தாயி. மொளச்சு வந்தா அதுவே சொல்லும்." வியாபாரம் என்றால் இதுதான் வியாபாரம்.

கையில் உள்ளது:

ஆபீஸ் பாக்கெட் — நீள முட்டை மாதிரி காய்க்குமாம். தோல் தடிப்பு. புளிப்பு கிடையாது.

அரியலூர் — கலப்படம். மிளகாய் விதை கூடக் கிடக்கிறது.

கோயில் தோட்டத்துச் சீமைத் தக்காளி — பங்குச் சாமியார் தந்தது. உருண்டை, பார்க்க அழகு. ஐப்பசி மழையில் அழுகும். போன வருஷமே பார்த்தாயிற்று.

என்னுடையது — தட்டை. ஐந்தாறு மடிப்பு. காம்படியில் பச்சை போகாது. இரண்டு காய் போட்டால் குழம்புக்குப் புளியே வேண்டாம். மழைக்கு நிற்கும், பங்குனி வரை காய்க்கும். முதல் செடி குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் தானாக முளைத்தது. பிறகெல்லாம் என் கை. முதல் கொத்தில் விதை எடுக்க மாட்டேன். இரண்டாம் கொத்து, அதுவும் மழையில் சாயாத செடியில் மட்டும். பன்னிரண்டு வருஷம் இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி.

யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டவர்களிடம் "மொளைக்காதுடி" என்று பொய் சொன்னேன். கொடுத்திருந்தால் இன்று ஊரெல்லாம் இருக்கும், போய் ஒரு காய் வாங்கிக்கொள்ளலாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் செடியும் காய்ந்துபோயிற்று. அந்தப் பதினொன்று போனால் அடியோடு போயிற்று.

25-7, புதன்.

தூறல், உடனே நின்றது. நாற்றங்கால் சும்மா கிடக்கிறது, கோழி சீய்க்கிறது.

கிணற்றடியில் பிலோமி. ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

28-7, சனி.

எழுத முடியவில்லை.

காலையில் சுண்ணாம்பு வாடை. அந்தப் பக்கம் பிலோமியின் குரல்: "இந்தச் செவுரு ரெண்டு கை அடிச்சிருங்க." ஆள் வைத்து வெள்ளையடிக்கிறாள். ஆனியில் பாகம், ஆடியில் வெள்ளை. அவ்வளவு அவசரம்! என் அடுப்படிச் சுவரில் கை வைத்தேன், ஜில்லென்று ஈரம் இறங்கியது போல இருந்தது. எல்லாம் முடிந்தது. பன்னிரண்டு வருஷத்தை ஒரு வாளிச் சுண்ணாம்பில் முடித்துவிட்டாள் பாவி.

அவள் பீர்க்கங்கொடி நடுத் தட்டியைத் தாண்டி என் பக்கம் தொங்கும். பூவும் பிஞ்சுமாக. சுவரில் இருப்பது சுவரோடு என்றால் என் பக்கம் வந்தது என்னோடுதானே? பிடித்து இழுத்தேன். வேரோடு வந்தது. அப்படியே தட்டிக்கு மேல் அவள் முற்றத்தில் எறிந்தேன்.

மனசு ஆறவில்லை.

29-7, ஞாயிறு.

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

பத்து மணிக்கு இவர் வந்தார். எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை, ஞாயிறுதான் வீடு. தம்பி வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்தார்.

"ஒன் ஓரகத்தி செஞ்ச வேலயப் பாத்தியா? செவுரு பூரா வெள்ளையடிச்சிருக்கா, ஒன் வில்லைய மட்டும் சுத்தி சுத்தி விட்டுட்டு. வெள்ளையடிக்க வந்தவன் திட்டிக்கிட்டே போனானாம். அக்கா வந்து எடுத்துக்கும்னு சொன்னாளாம்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீர் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"ஆமா, பீர்க்கங்கொடிய யாரு புடுங்குனது?"

"காத்து."

"வேரோட புடுங்குற காத்தா?"

அரிசியை உலையில் போட்டேன். "இப்பவே போ" என்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு? நாளைக்குச் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு. என்ன சொல்வது? 'பிலோமி, தெரியாம செஞ்சுட்டேன்.' தெரிந்துதானே செய்தேன்.

30-7, திங்கள்.

முதல் பஸ்ஸுக்கு இவர் கிளம்பிப் போனார். அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சர், சர் என்று சத்தம். கரண்டியால் சுரண்டுகிற சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி சர்.

கொழுந்தன் குரல்: "அண்ணி கேட்டா குடுக்கலாம்னு வச்சிருந்த. அப்பறம் என்ன?"

பிலோமி: "கேக்க வேண்டியவங்க கேக்கல. கொடியப் புடுங்கத் தெரிஞ்சுது. வரட்டியோட வரட்டியா அடுப்புல போடுங்க."

கத்தியிருக்கலாம். "பிலோமி" என்று ஒரு சத்தம் போதும். நடுவில் ஒன்றரை முழச் சுவர். நின்று எண்ணினேன். பதினொன்று.

பிறகு கூரைக்கு மேல் புகை. எங்கள் பக்கமும் வந்தது, வெறும் சாணிப் புகை. முதல் மணி அடித்தும் போகவில்லை. பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார்.

31-7, செவ்வாய்.

தூறல். மண்ணெண்ணெய் கிடைத்தது. நாற்றங்காலில் ஆபீஸ் பாக்கெட் விதை போட்டாயிற்று.