கீஸ்யே வாங்கிய கேக்

குரோனிங்கன்
1 மார்ச் 1994

அன்புள்ள வீட்ஸ்கெ,

நலம்தானே? நீங்கள் எங்கள் அலுவலகத்துத் தட்டச்சு வேலையை விட்டுப் படம் வரையப் போய் ஐந்து வருடமாயிற்று. புத்தாண்டு அட்டையைத் தவிர நான் உங்களுக்கு எதுவும் எழுதியதில்லை. இப்போது எழுதுவதும் ஒரு குறை சொல்லத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை பத்திரிகையில் வரும் உங்கள் 'மூன்றாம் மாடி' படக்கதையை எங்கள் தளத்தில் பார்க்காத ஆள் இல்லை. காப்பி இயந்திரத்துக்கு மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதில் வரும் இளநிலை குமாஸ்தா கீஸ்யே, மேலே போகத் துடிக்கிற அந்த அவசரக்குடுக்கை, போன வாரம் என்ன செய்தான்? பதவி உயர்வை அறிவிக்கும் முன்பே தளம் முழுவதற்கும் கேக் வாங்கி வந்துவிட்டான். உயர்வு வேறொருவனுக்கு. எல்லோரும் கீஸ்யேயின் கேக்கைத் தின்றுகொண்டே அந்த வேறொருவனுக்குக் கை கொடுக்கிறார்கள்.

திங்கட்கிழமை நான் கோட்டைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன கீஸ்யே, இன்னைக்கு கேக் இல்லையா?"

கால்வாய்ப் பிரிவின் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். 24ஆம் தேதி நேர்காணல். அதுவரை கீஸ்யேயைக் கொஞ்சம் லீவில் அனுப்புங்களேன். முப்பது வயதில் ஒரு கார்ட்டூனை முதுகில் சுமந்துகொண்டு அந்த அறைக்குள் நுழைய என்னால் முடியாது.

அன்புடன்,
யெல்மர்

ஹார்லிங்கன்
4 மார்ச்

என் அருமை யெல்மர்,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் குதித்தேன். பிரித்துப் படித்ததும் சிரித்தேன். அட அசடே, கீஸ்யே நீ இல்லை! அவன் தினமும் டை கட்டுகிறான்; நீ உன் கல்யாணத்துக்கே கட்டவில்லை. எந்த அலுவலகத்தில்தான் ஒரு கீஸ்யே இல்லை, சொல்லு. தலையை உயர்த்துகிறவனைப் பார்த்தால் நம் டச்சுக்காரர்களுக்குச் சிரிப்பு வரும், அப்படியே வளர்ந்துவிட்டோம். நாலு நாள் கேலி செய்வார்கள், அப்புறம் மழையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

நிறுத்தவும் வழியில்லை. நாலு வாரப் படங்களை முன்கூட்டியே கொடுத்தாயிற்று. கேட்டால் ஆசிரியர் என்னைக் கடித்துத் தின்றுவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயேன். துறைமுகத்தில் புகைபோட்ட விலாங்கு மீன் இப்போது அருமையாகக் கிடைக்கிறது.

உன்,
வீட்ஸ்கெ

குரோனிங்கன்
9 மார்ச்

வீட்ஸ்கெ,

விலாங்குக்கு நன்றி. வர மனமில்லை.

கீஸ்யே நான் இல்லையா? மழையில் சைக்கிள் கைப்பிடியில் இரண்டு பெட்டி கேக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு கையால் ஓட்டி வருகிறானே, அது யார்? நீங்கள் இங்கே இருந்தபோது நான் கேக் வாங்கி வந்த அந்தக் காலையில் என்னைச் சைக்கிளில் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். பதினெட்டுப் பேருக்கு, ரோஜா நிறச் சர்க்கரை பூசிய கிரீம் கேக். உயர்வு ஓன்னோவுக்கு என்று அறிவித்ததும், அதை நானே தட்டில் வைத்து எல்லோருக்கும் நீட்டினேன். "வாழ்த்துகள் ஓன்னோ" என்று சொல்லவும் செய்தேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் வரையவில்லை. உங்கள் கீஸ்யே தானாகவே கற்பனை செய்துகொண்டு கேக் வாங்குகிறான். எனக்கு ஒருவர் சொன்னார். இயக்குநர் அறையிலிருந்து ஓடி வந்து, என் தோளைப் பிடித்து, "உனக்குத்தான்டா! நாளைக்கு கேக்கோட வா!" என்று சொன்னார்.

யார் சொன்னது என்று இயக்குநர் கேட்டார். ஓன்னோவும் கேட்டான். யாரும் சொல்லவில்லை, என் அவசரம்தான் என்றேன். இன்றுவரை அதையேதான் சொல்கிறேன்.

யெல்மர்

ஹார்லிங்கன்
13 மார்ச்

யெல்மர்,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்தான் சொன்னேன். இயக்குநர் மேசையில் பட்டியலைப் பார்த்தேன், உன் பெயர் முதலில் இருந்தது. அது தேர்வு வரிசை இல்லை, விண்ணப்பம் வந்த வரிசை. ஆசைக்காரன் நீ, முதல் நாளே கொடுத்திருக்கிறாய். மறுநாள் நீ தட்டை நீட்டியபோது நானும் ஒரு கேக்கை எடுத்துத் தின்றேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். பிறகு வேலையை விட்டேன், அப்போதும் சொல்லவில்லை. கீஸ்யே தானாகவே முட்டாளாக இருந்தால் நான் நல்லவளாக இருக்கலாம் இல்லையா? அதற்காகத்தான் அவனை அப்படி வரைந்தேன். வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்திரிகைக்கு நேரில் போனேன். "உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று ஆசிரியர் கத்தினார். கத்தட்டும். வரும் சனிக்கிழமை புதுப் படம் வரும். அதில் ஒரு தட்டச்சுக்காரி இயக்குநர் அறையிலிருந்து ஓடி வந்து கீஸ்யேயிடம் சொல்கிறாள். மறுநாள் அவனுடைய கேக்கைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறாள். அவளுக்கு என் கண்ணாடி, என் மூக்கு. உங்கள் தளத்தில் அந்த மூக்கைத் தெரியாதவர் கிடையாது.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உன்னால் முடிந்தால்.

வீட்ஸ்கெ

குரோனிங்கன்
30 மார்ச்

அன்புள்ள வீட்ஸ்கெ,

உங்கள் புதுப் படம் வந்த பிறகு, திங்கட்கிழமை காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் யாரும் கேக் பேச்சை எடுக்கவில்லை. ஓன்னோ என் மேசைக்கு வந்தான். "அது நீ உனக்குன்னு வாங்கின கேக்குனு தெரிஞ்சுதான்யா தின்னேன்," என்றான். பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

பதவி எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்வொல்ல நகரத்திலிருந்து ஒருவர் வருகிறார், கெட்டிக்காரராம். இந்த முறை நான் யாருக்கும் தட்டு நீட்டவில்லை. நேராக இயக்குநரிடம் போய் ஏன் என்று கேட்டேன். கால் மணி நேரம் விளக்கினார். பாதி நியாயமாகத்தான் இருந்தது.

உங்கள் மேல் கோபம் முழுவதும் போகவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் உங்கள் மூக்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆஸன் நகரத்தில் இதே போல ஒரு பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். நேற்றே விண்ணப்பித்துவிட்டேன், முதல் நாளிலேயே. என்னைப் பற்றி விசாரிக்க, உடன் வேலை செய்த ஒருவரின் பெயரைக் கேட்டிருந்தார்கள். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உங்களைப் போனில் கூப்பிடுவார்களாம், வீட்டில் இருங்கள். என்னிடம் இருக்கிற குறைகளையெல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவன் அப்படியொன்றும் மேலே போக ஆசைப்படுகிறவன் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆசைப்படுகிறவன்தான்.

உங்கள்,
யெல்மர்