ஒன்பது நாடுகளும் கன்னியம்மாவும்

14 பிப்ரவரி 2003
இன்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். பெருங்கடல் அமைதி மன்றம். ஒன்பது நாடுகள் சேர்ந்து தொடங்கியது. தலைமையகம் மாமல்லபுரத்தில் ஒரு வாடகை பங்களா. கடலில் நாடுகளுக்குள் தகராறு வந்தால் யார் பக்கமும் சாயாமல் விசாரித்து உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குத் தட்டச்சு, மொழிபெயர்ப்பு, கூட்டக் குறிப்பு. நாள் முழுக்க நாலு மொழி காதில் விழுகிறது. கல்பாக்கம் அறைக்குத் திரும்பினால் ஒரு மொழியும் இல்லை. அம்மா போய் பத்து மாதம்.

3 மார்ச்
முதல் புகார். கடப்பாக்கத்துக் கன்னியம்மா. அவள் புருஷன் சடையப்பன் ஆழ்கடல் படகில் கூலிக்குப் போனவன். அயல்நாட்டு ரோந்துக் கப்பல் சுட்டதில் இறந்துவிட்டான். உடன் போனவர்கள் கொடியைப் பார்த்திருக்கிறார்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் என் கை நின்றுவிட்டது. "இன்னாம்மா, பயமா கீதா? எழுது. நான்தானே சொல்றேன்" என்றாள்.

கை நின்ற காரணம் அவளுக்குத் தெரியாது. மன்றத்துக்கு முக்கால் பங்கு நிதி கொடுப்பது அந்தக் கொடிக்குரிய நாடுதான்.

9 ஏப்ரல்
கூட்டம். அந்த நாட்டுப் பிரதிநிதி மிக மரியாதையாகப் பேசினார். இனி யார் எவ்வளவு கொடுக்கிறார்களோ அவ்வளவு ஓட்டு. நிதி தரும் நாட்டைப் பற்றிய புகாரை அந்த நாடு சம்மதித்தால்தான் எடுக்கலாம். மறுத்தால் அடுத்த தவணை வராது. ஏழு பேர் கை தூக்கி அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. பிறகு எல்லோரும் மீன் வறுவல் சாப்பிட்டார்கள். நானும்தான்.

30 ஏப்ரல்
சம்பளம் வந்தது. யார் கொடுக்கிறார்கள் என்று இதற்குமுன் யோசித்ததில்லை.

6 மே
தலைவர் கோபாலகிருஷ்ணன் சார் கூப்பிட்டார். தூதராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்றத்துக்கு முன்பே அவருக்குத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். அம்மா இறந்தபோது வீடு தேடி வந்த ஒரே பெரிய மனிதர். ஒரு தாளை நீட்டினார். புகாரைக் கன்னியம்மா தானாகவே விலக்கிக்கொள்கிறாள் என்று இருந்தது. கைநாட்டு வாங்கி வர வேண்டுமாம். உதவித்தொகை ஒரு லட்சம்.

"உதவிக் காகிதம்னு சொன்னா போதும்மா. மன்றம் பொழச்சாத்தான் நாளைக்கு நாலு பேருக்கு நியாயம் கேக்க முடியும்" என்றார். பேசும்போது என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பதில் பஸ்ஸில்தான் வந்தது — நாளைக்கு வரும் நாலு பேருக்கும் இதே தாளைத்தானே நீட்டுவோம்?

8 மே
கடப்பாக்கம் போனேன். வலைக்குப் பக்கத்தில் பாய் போட்டு டீ கொடுத்தாள். "இதுல இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள். உதவிக் காகிதம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் நம்புவாள். அதுதான் தாங்கவில்லை. ஒரு வரி விடாமல் படித்தேன். பணத்தையும் சொன்னேன்.

தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அவரு செத்தது பொய்யின்னு ஆயிடும்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

தாளை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டாள்.

9 மே
நடந்ததைச் சாரிடம் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை என்றே குறிப்பேட்டில் பதிந்தேன். மாற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

16 மே
இனி வர வேண்டாமாம்.

29 ஜூன்
ஊரப்பாக்கத்திலிருந்து தம்பி ஜோயல் போன் செய்தான். ஊர் நியாயம் உனக்கு எதுக்குக்கா என்றான். சரிதான். எதுக்கு? மூன்று நாளாகக் கடைக்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. மாதா கோயிலில் கூடப் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்துவிட்டேன்.

2 ஆகஸ்ட்
மன்றம் அந்த நாட்டுத் தலைநகருக்கே இடம் மாறுகிறதாம். செய்தித்தாளில் ஐந்து வரி.

11 ஆகஸ்ட்
முந்தாநாள் கன்னியம்மா விசாரித்துக்கொண்டே என் அறைக்கு வந்து நின்றாள். என் வேலை போனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "என்னாலதானே?" என்றாள். இல்லை என்றேன், நம்பவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இன்று அவளைச் சென்னைக்கு ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனேன். வழக்கு நிற்குமா, வருஷம் எத்தனை ஆகும், எதுவும் சொல்ல முடியாது என்றார். புகாரை மன்றம் வாங்கிக்கொண்டதற்கும் கைநாட்டு கேட்டதற்கும் சாட்சி யார் என்றார். என் பெயரைச் சொன்னேன்.

திரும்பும்போது கோவளம் தாண்டியதும் கன்னியம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் கல்பாக்கத்தில் இறங்க வேண்டும். எழுப்ப மனம் வரவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டுக் கடப்பாக்கம் வரைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.